கரிமூலை ஏரியில் மிதந்து போன பொட்டலம்

"ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணி வேணும். கொழாத் தண்ணி இல்ல, நெசத் தண்ணி" என்று சம்பூரணம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பவானி ஆற்றங்கரையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவளிடம் தண்ணீர் விஷயத்தில் யாரும் வாதாட முடியாது.

சிக்கல் என்னவென்றால், இந்த வருடம் அவள் இருந்தது பவானியில் இல்லை. மகன் தனபாலுக்கு நீலகிரியில் கரிமூலை அணை மின்நிலையத்தில் வேலை. மழைக்காலத்தில் லீவு கேட்டால் மேலதிகாரி சிரிக்கக்கூட மாட்டார். மருமகள் யசோதாவுக்கோ இது முதல் ஆடிப்பெருக்கு. புதுப்பெண்ணின் பழைய தாலிச்சரடைத் தண்ணீரில் விட்டுவிட்டு, பொன்னைப் புதுச்சரடில் கோத்துக் கட்ட வேண்டிய நாள். மகனும் மருமகளும் கீழே வர முடியாதென்றால் ஆடிப்பெருக்கு மேலே போகட்டும் என்று சம்பூரணம் முடிவு கட்டினாள். மஞ்சள், குங்குமம், காப்பரிசி, வாழைப்பழம், பாக்குமட்டைத் தட்டு எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கி, கல்லூரியில் படிக்கும் மகள் செவ்வந்தியையும் இழுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள்.

ஏறிப் பார்த்தால் ஏரியைச் சுற்றிலும் கம்பிவேலி! வேலி இல்லாத இடத்தில் முழங்கால் சேறு. தண்ணீரைத் தொட ஒரே ஒரு வழிதான் இருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடும் மோட்டார் படகு. தனபால் வேலைக்குப் போன பிறகு மூன்று பெண்களும் கூடையோடு படகுத்துறைக்கு நடந்தார்கள்.

படகோட்டி குணசீலன் கூடையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"விளக்கு மட்டும் ஏத்தக் கூடாதும்மா. டீசல்ல ஓடுற போட்டு இது."

"இந்தக் காத்துல எந்த விளக்கு நிக்குமுங்க தம்பி? நீங்க போட்ட ஓட்டுங்க, சாமிய நான் பாத்துக்கறேன்" என்றாள் சம்பூரணம்.

ஆடிக் காற்று அப்படித்தான் அடித்தது. அதனால் படகில் கூட்டமே இல்லை. இவர்களைத் தவிர ஒரே ஒரு பயணி, நாகர்கோவிலிலிருந்து பறவை பார்க்க வந்த கோலப்பன் சார். கழுத்தில் பைனாகுலர், தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் இப்போதே வாந்தி வந்துவிடுமோ என்ற கவலை. எல்லாரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொள்ள, படகு தடதடவென்று கிளம்பியது.

ஏரி அழகாகத்தான் இருந்தது. இருபுறமும் பச்சை மலை, உச்சியில் மேகம், நடுவே சாம்பல் நிறத் தண்ணீர். குணசீலன் மைக் இல்லாமலே முழங்கினார். "வலதுபக்கம் பாருங்க, யானைப்பாறை. இடதுபக்கம் தெரியிற திட்டுல வெள்ளைக்கார துரை புதைச்சு வெச்ச தங்கம் இருக்கு." இந்தத் தங்கத்தைப் பற்றி உலகில் முதன்முதலில் சொன்னவர் குணசீலன்தான். அவருக்கு முன்னால் அந்தத் துரைக்கே அது தெரியாது.

ஏரியின் நடுவில் எஞ்சினை நிறுத்தச் சொன்னாள் சம்பூரணம். மஞ்சள்கிழங்கு கட்டிய ஒரு நூலை முதலில் யசோதாவின் கழுத்தில் கட்டினாள். பிறகு பழைய சரடைக் கழற்றி, அதிலிருந்த பொன்தாலியையும் இரண்டு தங்கக் குண்டுகளையும் உருவி எடுத்தாள். பொன்னை வெறுமனே வைக்கக்கூடாது என்று வெற்றிலையில் சுற்றி வாழைநாரால் கட்டினாள். பழைய சரடையும் வெறுமனே விடக்கூடாது என்று இன்னொரு வெற்றிலையில் சுற்றி வாழைநாரால் கட்டினாள். மரியாதையில் அவள் யாருக்கும் குறை வைப்பதில்லை.

"ரெண்டையும் புடி" என்று செவ்வந்தியிடம் நீட்டினாள். "சரட தட்டுல வெச்சு விடு. காத்து இந்த ஆட்டு ஆட்டுது, பொன்னக் கரைக்குப் போயிக் கோத்துக்கலாம்."

சம்பூரணம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். யசோதா பழமும் காப்பரிசியும் வைத்த தட்டை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. செவ்வந்தி ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள், மறு கையால் ஒரு பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள், தட்டைத் தண்ணீரில் விட்டாள். அது குலுங்கிக் குலுங்கி அலைகளுக்கு நடுவே போய் மறைந்தது. எஞ்சின் மறுபடி தடதடத்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் செவ்வந்திக்கு உறைத்தது. கைக்குள் இருந்த பொட்டலத்துக்குக் கனமே இல்லை. வெற்றிலையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். உள்ளே மஞ்சள் மங்கிப்போன பழைய நூல்!

பக்கத்தில் இருந்த யசோதா எட்டிப் பார்த்தாள். பார்த்தவளின் உதடு வெளுத்துவிட்டது. ஆனால் கத்தவில்லை. சால்வையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, "அத்தைக்குத் தெரிய வேண்டாமுங்க அம்மிணி" என்று காதோரம் சொன்னாள்.

தெரியவே கூடாது. செவ்வந்திக்குப் பொன் போனதைவிடப் பெரிய பயம் அதுதான். கல்யாணமான மாதமே தனபால் பைக்கிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். குறுக்கே வந்தது ஒரு நாய். ஆனால் சொந்தக்காரர்கள் நாயை விட்டுவிட்டு, "பொண்ணு வந்த நேரம்" என்று பேசினார்கள். அண்ணி அதை எல்லாம் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் அவனுக்குச் சோறு ஊட்டினாள். இப்போது முதல் ஆடிக்கே தாலி தண்ணீரோடு போனது என்றால் அந்த வாய்களுக்கு விருந்துதான். அம்மா பொல்லாதவள் இல்லை. ஆனால் மனசுக்குள் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வீட்டில் பால் திரிந்தால் மூன்று தெருவுக்குத் தெரிந்துவிடும். தப்பு தன்னுடையது, பேர் கெடப் போவது அண்ணிக்கு. அந்த நினைப்பைச் செவ்வந்தியால் தாங்க முடியவில்லை.

தட்டுத் தடுமாறிப் படகின் முன்பக்கம் போனாள்.

"அண்ணா, போட்டத் திருப்போணும். எங்க அண்ணி தாலி அந்தத் தட்டுல போயிருச்சு. அம்மாவுக்குத் தெரியாது."

குணசீலன் சுக்கானைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பிறகு, "அரைமணி நேரத்துல திரும்பணும்னு உத்தரவு. மஞ்சு வேற இறங்குது" என்று மலையிலிருந்து இறங்கும் மூடுபனியைக் காட்டினார். அப்புறம் பின்னால் திரும்பி யசோதாவைப் பார்த்தார். அவள் சால்வையை இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தார்.

"சரி, எந்தப் பக்கம்?"

"அணைப் பக்கமுங்க" என்றாள் செவ்வந்தி யோசிக்காமல். ஆற்றில் விட்டது ஆறு போகும் பக்கம்தானே போகும்? பிறந்ததிலிருந்து அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் ஒரு பக்கமாகவே ஓடியிருக்கிறது.

குணசீலன் உரத்த குரலில், "அன்பான பயணிகளே! மழைக்காலச் சிறப்புச் சுற்று. அணையைப் பக்கத்துல காட்டறேன்" என்று அறிவித்தார். சம்பூரணம் திருப்தியாகத் தலையாட்டினாள். கோலப்பன் சாரின் முகம் இன்னும் கொஞ்சம் வாடியது.

எதிர்க்காற்றில் படகு முட்டி மோதிக்கொண்டு அணைக்கு வந்தது. சுவரோரமாகத் தேடினார்கள். தைலமர இலைகூட அங்கே ஒதுங்கியிருக்கவில்லை. தட்டும் இல்லை, பழமும் இல்லை. செவ்வந்தி விளிம்பில் குனிந்து கறுத்த தண்ணீரையே பார்த்தாள். மூழ்கிவிட்டதோ?

அப்போது ஒரு காற்று. கோலப்பன் சாரின் தொப்பி கிளம்பிப் போய்த் தண்ணீரில் விழுந்தது.

"எம்மா, எந்தொப்பி! அதப் புடிங்க" என்று அவர் எழுந்தார். குணசீலன் துடுப்பை நீட்டுவதற்குள் தொப்பி நகர்ந்துவிட்டது. அணையை நோக்கி அல்ல. அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏரியின் உள்பக்கமாக!

செவ்வந்தி நிமிர்ந்தாள். இது ஆறு இல்லை. இந்தத் தண்ணீர் ஓடவில்லை, கிடக்கிறது. மேலே மிதப்பதைக் காற்றுதான் தள்ளுகிறது. ஆற்றங்கரைப் புத்தி இவ்வளவு நேரமும் அவர்களைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறது.

"அண்ணா, தொப்பி பின்னாலயே போங்க."

"தொப்பிக்கா இவ்வளவு பாடு? விடும்மா, வேற வாங்கிக்கிடலாம்" என்று கோலப்பன் சார் கூச்சப்பட்டார். செவ்வந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கிசுகிசுத்தாள். அவர் குமட்டலை அந்த நொடியே மறந்துவிட்டார். பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு படகின் முனையில் போய் மண்டியிட்டார்.

"நேர போங்க. தொப்பி கொஞ்சம் வலதால போகு... அந்தா, அந்தா!"

தொப்பி வழிகாட்ட, படகு பின்தொடர, ஏரி குறுகிக்கொண்டே வந்தது. எதிரே தண்ணீருக்குள்ளிருந்து மரங்கள் எழுந்து நின்றன. இலை இல்லை, பட்டை இல்லை. அணை கட்டியபோது மூழ்கிய காட்டின் வெள்ளை எலும்புகள். மஞ்சு அவற்றுக்கு இடையில் நுழைந்து கொண்டிருந்தது.

குணசீலன் எஞ்சினை அணைத்தார். "இதுக்கு மேல மோட்டார் போகாது. அடியில பூராக் கட்டை. மோட்டார் விசிறி உடைஞ்சா நம்ம கதை அவ்வளவுதான்."

"துடுப்பு இருக்குதுல்லண்ணா?" என்றாள் செவ்வந்தி.

துடுப்பு இருந்தது, ஒரே ஒரு ஜோடி. ஒன்றைக் குணசீலன் எடுத்தார். மற்றொன்றை, யாரும் எதிர்பார்க்காதபடி, யசோதா எடுத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரை வலித்துத் தள்ளினாள். கோலப்பன் சார் கால்களை நீட்டி, பக்கத்தில் வந்த கட்டைகளை உதைத்து விலக்கினார். ஒரு கட்டை படகின் அடியில் கிறீச்சென்று உராய்ந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். படகு ஆடியது, சாய்ந்தது, பிறகு வழுக்கிக்கொண்டு நேரானது.

"ஏனுங்க தம்பி, சிறப்புச் சுத்துன்னா இப்படித்தான் இருக்குமுங்களா?" என்று சம்பூரணம் கேட்டாள். குணசீலன் இன்னும் வேகமாகத் துடுப்புப் போட்டார்.

"இருக்கு! தட்டு இருக்கு!" என்று கோலப்பன் சார் பைனாகுலருக்குள்ளிருந்து கத்தினார். உடனே குரல் இறங்கியது. "ஆனா மக்கா, பக்கத்துல ஒண்ணு நிக்கி."

கரையோரம் சேற்றில் தட்டு ஒதுங்கியிருந்தது. அதன்மேல் பழமும் வெற்றிலைப் பொட்டலமும் அப்படியே இருந்தன. தட்டுக்கு அந்தப் பக்கம், மஞ்சுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து, ஒரு காட்டெருமை நின்றது. கறுத்த மலைபோல உடம்பு, வெள்ளைக் காலுறை போட்டது போல நான்கு கால்கள். அது குனிந்து வாழைப்பழத்தை முகர்ந்தது. பிறகு ஒரு பழத்தைத் தோலோடு வாய்க்குள் இழுத்துக்கொண்டது.

"அந்தப் பொட்டலத்துல என்னடி இருக்குது?" என்றாள் சம்பூரணம். அவள் குரலில் இருந்த சந்தேகத்தைக் கேட்டதும் இனி மறைக்க முடியாது என்று செவ்வந்திக்குத் தெரிந்துவிட்டது.

யசோதா முந்திக்கொண்டாள். "அத்தை, நாந்தானுங்க மாத்தி வெச்சுட்டேன். எல்லாமே என் தப்புங்க."

"இல்லீங்மா. அண்ணி பொய் சொல்றாங்க. வெச்சது நானு. தாலி அதுலதான் இருக்குது." செவ்வந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்மா."

சம்பூரணம் மகளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், காட்டெருமையைப் பார்த்தாள். அது இரண்டாவது பழத்தை முடித்துவிட்டு வெற்றிலையை நாக்கால் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆரு வெச்சீங்கன்னு அப்பறம் பேசிக்கலாம். எரும வெத்தலையத் தின்னுப்போடும். எறங்குடி."

"அம்மா, அது வீட்டு எருமை இல்லம்மா. ஒரே முட்டுல ஜீப்பையே கவுத்துடும்" என்று குணசீலன் பதறினார்.

சம்பூரணத்தின் வீட்டுக் கொட்டகையில் இரண்டு எருமைகள் உண்டு. எருமை என்றால் அவளுக்கு எருமைதான். காட்டில் இருப்பதால் அதற்குத் தனி மரியாதை கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. படகில் எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஹேய்... த்தா! போ அக்கட்டால! அடுத்தவ ஊட்டுப் பொருளு உனக்கென்னத்துக்கு? த்தா, த்தா!"

பவானியில் அந்தக் குரலுக்கு எருமைகள் மட்டுமல்ல, எதிர்வீட்டுக்காரர்களும் உள்ளே போய்விடுவார்கள். காட்டெருமை தலையைத் தூக்கியது. மூக்கால் புஸ்ஸென்று காற்றை விட்டது. எல்லாரும் உறைந்து போனார்கள். சம்பூரணம் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. அதுவும் எடுக்கவில்லை. பிறகு, இந்த அம்மாளோடு யார் மல்லுக்கட்டுவது என்று நினைத்ததோ என்னவோ, பெரிய உடம்பைத் திருப்பியது. திரும்பும்போது பின்னங்கால் தட்டின் விளிம்பில் பட்டது. தட்டு கவிழ்ந்தது. பொட்டலம் உருண்டு தண்ணீருக்குள் போய்விட்டது!

காட்டெருமை மஞ்சுக்குள் மறைந்ததோ இல்லையோ, செவ்வந்தி குதித்துவிட்டாள். தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் பனிக்கட்டி. கால் சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கியது. அவள் கவலைப்படவில்லை. பொட்டலம் விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை அகற்றாமல் இரண்டு கையையும் உள்ளே விட்டுத் துழாவினாள். கல் வந்தது. வேர் வந்தது. மறுபடி கல். விரல்கள் மரத்துப்போய் எது கல், எது இலை என்றே தெரியவில்லை. அண்ணி சோறு ஊட்டிய அந்தக் கை நினைவுக்கு வந்தது. லைஃப் ஜாக்கெட் மேலே தூக்க, முகத்தை நீருக்குள் அழுத்திக்கொண்டு இன்னும் கீழே கையை விட்டாள்.

வழுவழுப்பாக ஒன்று. அதன்மேல் நார்.

தலையை வெளியே எடுத்து, பல்லால் நாரைக் கடித்து இழுத்தாள். கிழிந்த வெற்றிலைக்குள் தாலி இருந்தது. இரண்டு குண்டுகளும் இருந்தன. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கெடச்சிருச்சுங்கண்ணி!"

கிடைத்தது பொன். மாட்டிக்கொண்டது கால். சேறு அவளை விடுவதாக இல்லை. குணசீலன் படகுக் கயிற்றை வீசினார். அவரும் கோலப்பன் சாரும் யசோதாவும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு செருப்பை ஏரிக்குக் கொடுத்துவிட்டு, கழுத்துவரை சேறாகச் செவ்வந்தி படகுக்குள் வந்து விழுந்தாள். யசோதா சால்வையை உருவி அவளைச் சுற்றிக் கட்டி, சேற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அதற்குள் மஞ்சு முழுசாக இறங்கிவிட்டது. மரமும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. குணசீலன் நாலா பக்கமும் பார்த்துக் கையை விரித்தார்.

"காத்து மூஞ்சியில அடிக்கிற பக்கம் போங்கண்ணா. அங்கதான் அணை" என்றாள் செவ்வந்தி பல் கிடுகிடுக்க. துடுப்புப் போட்டு மரங்களைத் தாண்டினார்கள். எஞ்சின் உயிர் பெற்றது. எதிர்க்காற்று அடிக்க அடிக்க எல்லாருக்கும் தைரியம் வந்தது. நாகர்கோவில் தொப்பி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. "போட்டும், நல்ல காரியத்துக்குத்தான் போச்சு" என்றார் கோலப்பன் சார்.

மஞ்சு கொஞ்சம் விலகிய இடத்தில் சம்பூரணம் மறுபடி எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பழைய சரடைத் தண்ணீரில் விட வேண்டுமே! இந்த முறை, செவ்வந்தி குதிக்கும்போது படகில் விட்டுப்போன பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். செவ்வந்தி பார்த்தாள், யசோதா பார்த்தாள், குணசீலன் பார்த்தார். கோலப்பன் சார் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நூல்தான் என்று நால்வரும் உறுதி சொன்ன பிறகே அது தண்ணீருக்குப் போனது.

பிறகு அவள் கூடையிலிருந்து புதுச்சரடை எடுத்தாள். பொன்னை நீட்டினாள், செவ்வந்தியிடமே.

"புடி. நான் நூல முறுக்கோணும்."

"நானாங்மா?" செவ்வந்தி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேற ஆரு? உன்ற அண்ணி தாலிக்குச் சேத்துல குதிச்சவ நீதான். புடி புள்ளே."

செவ்வந்தி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்தினாள். சம்பூரணம் நிதானமாகக் கோத்தாள், யசோதாவின் கழுத்தில் கட்டினாள், மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். "அடுத்தவ செஞ்ச தப்ப நீ ஏன் சாமி தலையில போட்டுக்கற?" என்று மருமகளின் கன்னத்தைத் தடவினாள். யசோதா அப்போதுதான் அழுதாள்.

படகுத்துறையில் மழைக்கோட்டும் டார்ச்சுமாகத் தனபால் நின்றிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய், யாரையும் காணாமல் ஓடி வந்திருக்கிறான்.

"அரைமணி நேரச் சுத்துன்னாங்க. இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணுனீங்க? இவ ஏன் சேறாக் கெடக்கறா? யசோதா கண்ணு ஏன் செவந்து கெடக்குது?"

எல்லாரும் சம்பூரணத்தைப் பார்த்தார்கள். செவ்வந்தி சால்வைக்குள் ஒடுங்கினாள். இப்போது ஆரம்பித்தால் அம்மா விடிய விடியச் சொல்வாள். ஊருக்குப் போனதும் பவானி முழுக்கச் சொல்வாள். சொல்லாமல் இருந்ததாக வரலாறே இல்லை.

சம்பூரணம் கூடையை மகனிடம் கொடுத்தாள்.

"ஏரி பெருசுடா சாமி. சுத்திப் பாக்க வேண்டாமா? அவ எறங்கறப்ப வழுக்கி உழுந்துட்டா. இவளுக்குக் காத்து ஒத்துக்கல."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. படியில் பாசி இருந்ததால் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். பின்னால் செவ்வந்தி ஒற்றைச் செருப்போடு நடந்தாள். எந்தப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காமல் தண்ணீரில் விடக்கூடாது என்பது அன்றைக்கு அவள் கற்ற பாடம். அம்மாவால் ஒரு விஷயத்தைச் சொல்லாமலும் இருக்க முடியும் என்பதை அவள் ஒரு பாடமாகக் கற்கவில்லை. அது அவளுக்குக் கிடைத்த பரிசு. ஊருக்குத் திரும்பிய பிறகு, ஆடிப்பெருக்கு எப்படிப் போச்சு என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஏரி நெறையத் தண்ணி இருந்தது என்று சொல்லிவிட்டு, சம்பூரணம் எருமைக்குத் தீனி போடப் போய்விட்டாள்.